மூன்று நாள் நின்றால் முடங்கிய ஜீப்: ஒவ்வொரு மடையாக அடைத்துப் பார்த்த கதை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து:

வண்டியின் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள், புது பேட்டரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். அதைச் செய்யாமல் நாங்கள் ஐந்து மாதம் அலைந்தோம்.

எங்களுடையது 1996-ஆம் ஆண்டு டீசல் ஜீப். 2003-ல் அப்பா பழையதாக வாங்கினார். தேங்காய், உர மூட்டை, மாட்டுத்தீவனம் எல்லாம் அதில்தான். தினமும் ஓடினால் ஒரு தொல்லையும் இல்லை. மூன்று நாள் சும்மா நின்றால், சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

அதனால் முற்றத்தில் நிறுத்துவதையே விட்டுவிட்டோம். வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு சரிவு உண்டு. அங்கே முகப்பைக் கீழ்நோக்கி வைத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து நிறுத்துவோம். காலையில் கல்லை எடுத்து, வண்டி உருளும்போது இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். மழை பெய்து மண் சேறானால் அதுவும் நடக்காது. அப்பாவுக்கு வயது 72. தினமும் இரவு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பார். அதற்கென்றே பத்தாம் எண் ஸ்பேனர் ஒன்று அவர் வேட்டி மடிப்பிலேயே இருந்தது.

முதலில் போன கடையில் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்றார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு 75 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் ஏறக்குறைய 75 மணி நேரம் வரும்) பேட்டரி ஒன்றைப் புதிதாக வாங்கினோம். அதுவும் மூன்று நாள் நின்றதும் இறங்கிவிட்டது. அடுத்த கடையில், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதித்து, "14.1 வோல்ட் வருகிறது, சார்ஜ் நன்றாக ஏறுகிறது" என்று சொல்லி, எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் பூட்டினார்கள். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தவர்கள், வண்டி நிற்கும்போது மின்சாரம் எங்கே போகிறது என்று பார்க்கவே இல்லை. அவர்கள்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது.

வழியைக் காட்டியவர் அப்பாதான். மணக்கடவில் அளந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும் என்று தமிழ்நாடும் கேரளமும் செய்த 1970 ஒப்பந்தத்தில் எழுதிய ஆழியாற்றுத் தண்ணீரை நம்பிய ஊர் எங்களுடையது. வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைசித் தோப்புக்கு வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "கண்ணு, தண்ணீர் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? ஒவ்வொரு மடையாக அடைத்துப் பார்ப்போம். எதை அடைத்ததும் நீர் நிற்கிறதோ, அங்கேதான் நண்டு வளை" என்றார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பதும் அதே வேலைதான். எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். என்ன செய்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முந்தைய நாள் பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றி வைத்தோம். ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. மறுநாள் மாலை எல்லா விளக்கையும் அணைத்து, சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டேன். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினேன். நெகட்டிவ் முனையிலிருந்து கேபிளைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தேன். வண்டிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக்கும் செல்ஃப் மோட்டாரும் இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சின்ன மீட்டர் தாங்காது, உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

மீட்டர் 0.77 ஆம்பியர் காட்டியது. கடிகாரம்கூட இல்லாத பழைய ஜீப்புக்கு அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கணினிப் பெட்டிகள் நிறைந்த இந்தக் காலத்துக் கார்களே உறங்கும்போது 0.05 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். 0.77-ஐ 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 18.5 ஆம்பியர்-அவர். மூன்று நாளில் 55-க்கு மேல். 75-ல் 55 போனால் டீசல் எஞ்சினைச் சுற்ற என்ன மிஞ்சும்? அந்த 'டக்' சத்தத்துக்கான கணக்கை அன்று காகிதத்தில் பார்த்தபோது எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

அப்பா டார்ச் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்தேன். முகப்பு விளக்கு, மாற்றமில்லை. ஹாரன், மாற்றமில்லை. பாட்டுப் பெட்டியின் ஃபியூஸை எடுத்ததும் 0.65-க்கு இறங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் அதை மாட்டியவர், சாவி போட்டால் மட்டும் உயிர்வர வேண்டிய சிவப்புக் கம்பியையும், நினைவுக்காக எப்போதும் மின்சாரம் வேண்டிய மஞ்சள் கம்பியையும் ஒன்றாக முறுக்கி நேர் இணைப்பில் கொடுத்திருந்தார். பெட்டி ஒருநாளும் உறங்கவே இல்லை.

மிச்சம் 0.65. எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டோம், அது அசையவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத பெரிய கம்பி ஆல்டர்னேட்டருடையது ஆயிற்றே என்று. அப்பா உடனே போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். எஞ்சினை நிறுத்தி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. எஞ்சின் தலை ஆறிக் குளிர்ந்திருந்தது. ஆல்டர்னேட்டர் மட்டும், சற்று முன் இறக்கிவைத்த பால் செம்பு போல, மெல்லிய வெதுவெதுப்பில் இருந்தது. நானும் தொட்டுப் பார்த்தேன். மீட்டரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பெரிய கம்பியை விலக்கி டேப் சுற்றி, மீட்டரை மறுபடி சேர்த்தேன். 0.00.

மறுநாள் ஊரிலுள்ள எலக்ட்ரீஷியன் சேட்டனிடம் கழற்றிக் கொடுத்தோம். டயோடு பிளேட்டில் ஒரு டயோடு, ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய மின்சாரத்தை இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டிருந்தது. ஓடும்போது சார்ஜ் ஏற்றவும் செய்யும், நின்றபின் பேட்டரியிலிருந்து உறிஞ்சவும் செய்யும். 14.1 வோல்ட் வந்ததும் பொய்யில்லை, பேட்டரி இறங்கியதும் பொய்யில்லை.

வேலந்தாவளத்திலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் சரக்கு வண்டி நினைவுக்கு வந்தது. ஓணத்துக்குப் பத்து நாள் நிறுத்திவிட்டு வந்தால் அசையாது. கடன் கொடுத்த இடத்தில் பொருத்திய ஜி.பி.எஸ். பெட்டிதான் காரணம். 0.09 ஆம்பியர், பத்து நாளில் 21 ஆம்பியர்-அவருக்கு மேல். என் பேட்டரியே 35தான். அந்தப் பெட்டியைக் கழற்ற எனக்கு உரிமை இல்லை, அதனால் நான்கு நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுத்து நன்றாக ஓட்டிவிட்டு வருகிறேன். சும்மா ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டால் போதாது. ஸ்டார்ட் செய்யச் செலவானது திரும்பி ஏறவே நேரம் வேண்டும்.

புளியரையிலிருந்து:

ஜீப்பைச் சோதித்ததுபோல் அவசரமாகப் புதிய கார்களைச் சோதித்துவிடாதீர்கள். என்னுடையது 2012 கார். மீட்டரைச் சேர்த்ததும் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியதைப் பார்த்துப் பதறிவிட்டேன். உள்ளேயிருக்கும் கணினிப் பெட்டிகள் உறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கதவைத் திறந்து வைத்தால் உறங்கவே உறங்காது, அதனால் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியதாக வண்டியை நம்ப வைத்தேன். நாற்பது நிமிடத்தில் 0.03-க்கு இறங்கியது. அதாவது கசிவே இல்லை.

பிறகு ஸ்டார்ட் செய்யும் நொடியில் பேட்டரியின் வோல்ட்டை ஒருவரைப் பார்க்கச் சொன்னேன். 12.5-லிருந்து 8-க்குச் சரிந்தது. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரிதான் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எனக்கு உண்மையிலேயே புது பேட்டரிதான் மருந்து.

குமுளியிலிருந்து:

எங்கள் காலத்தில் மீட்டர் ஏது? ஐந்து வாட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பி கட்டி, நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே வைப்போம். பல்பு எரிந்தால் கசிவு இருக்கிறது. ஃபியூஸை எடுக்க எடுக்க எப்போது அணைகிறது என்று பார்ப்போம். 0.4 ஆம்பியர் ஓடினால் பளிச்சென்று எரியும், சின்னக் கசிவுக்கு இழைகூடச் சிவக்காது. ஆகவே மீட்டர்தான் நல்லது.

ஈரம் மிகுந்த மலைப்பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. பேட்டரியின் தலையில் அமிலமும் தூசியும் சேர்ந்து பிசுபிசுக்கும் படலம் படிந்தாலே மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்துபோகும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பை நெகட்டிவ் முனையிலும் சிவப்பை அந்த அழுக்கிலும் தொட்டுப் பாருங்கள். வோல்ட் காட்டினால், ஆப்ப சோடா கரைத்த நீரால் துடையுங்கள். செல் மூடிகளை இறுக மூடிவிட்டுச் செய்யுங்கள், ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. டயோடு பிளேட் மாற்றி, பாட்டுப் பெட்டியின் சிவப்புக் கம்பியைச் சாவி வழியாகக் கொடுத்தபின் மீட்டர் 0.01 காட்டுகிறது. அது அந்த மஞ்சள் கம்பியின் நியாயமான பங்கு. கடையில் கொடுத்துவிட்ட பழைய பேட்டரியை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை, அதில் ஒரு குறையும் இருந்திருக்காது.

போன வாரம் கல்யாணத்துக்காகத் தென்காசி போய்விட்டு ஆறாம் நாள் திரும்பினோம். ஜீப் முற்றத்தில், சமதரையில் நின்றது. அப்பா பையைக்கூட இறக்காமல் நேராக அதனிடம் போய்ச் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மடிப்பிலிருந்து பத்தாம் எண் ஸ்பேனரை எடுத்து, இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் போட்டார்.