மத்திய வியட்நாம்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் போக யோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். வரும் மார்ச்சில் அம்மாவுடன் வியட்நாம் போகிறேன். ஹனோயையும் ஹாலோங் விரிகுடாவையும் இந்த முறை விட்டுவிட்டேன். ஒரே மூச்சில் நாடு முழுவதும் ஓடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டா நாங்கில் இறங்கி ஹோய் ஆன், மீ சன், ஹுவே மட்டும்.

அம்மாவுக்கு மீ சன்தான் முக்கியம். அந்தப் பகுதியை ஆண்ட பழைய சம்பா அரசின் மன்னன் பத்ரவர்மன் 4ஆம் நூற்றாண்டில் பத்ரேஸ்வரர் என்று தன் பெயரையும் சேர்த்துச் சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு அது. இன்று நிற்பவை பின்னால் வந்த செங்கல் கோபுரங்கள். அவற்றிலும் பல 1969 அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்துபோயின. நுழைவாயிலிலிருந்து மின்வண்டி உண்டு என்கிறார்கள். இறங்கிய பிறகு எவ்வளவு நடக்க வேண்டும்? படிகள் அதிகமா? வெயிலுக்கு முன் முடிக்க ஹோய் ஆனிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?

டா நாங்கிலிருந்து ஹுவேக்கு ஹாய் வான் கணவாய் வழியே காரா, கடலோர ரயிலா? காரென்றால் ஓட்டுநர் சுரங்கப்பாதையில் புகுந்துவிடாமல் மலைப்பாதையில் போகும்படி முன்பே பேசிக்கொள்ள வேண்டுமா?

ஹுவேயில் காய் தின் மன்னரின் சமாதிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அதை நானே கழித்துவிட்டேன். மின் மாங் சமாதி பரவாயில்லையா?

அம்மா சுத்த சைவம். அமாவாசை, பௌர்ணமிகளில் அங்கே பலரும் சைவம் உண்பார்கள். மற்ற நாள்களில் மீன் சாஸ் கலக்காத சாப்பாடு கிடைக்கும் கடைகளை, முக்கியமாக ஹுவேயில், சொல்லுங்கள். போய்வந்தவர்கள் பதில் தந்தால் இந்த வாரமே டிக்கெட் எடுத்துவிடுவேன்.