ஜோஷ் ஆலனுக்கு எம்விபி உண்டா, இல்ல லமார் மூணாவதையும் தூக்கிடுவாரா?

அண்டங்காக்கா | ஜனவரி 10, 2025
என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ஆல்-ப்ரோ லிஸ்ட், அதாவது ஒவ்வொரு பொசிஷன்லயும் சீசனோட பெஸ்ட் யாருன்னு சொல்ற லிஸ்ட், வந்துருச்சு மக்களே. பந்தை எறியுற குவார்ட்டர்பேக் இடத்துக்கு எங்க பால்டிமோர் ரேவன்ஸ் லமார் ஜாக்சன் 30 ஓட்டு, பஃபலோ பில்ஸ் ஜோஷ் ஆலன் 18, சின்சினாட்டி பெங்கால்ஸ் ஜோ பர்ரோ 2. இதுக்கு ஓட்டு போட்ட அதே 50 பத்திரிகைக்காரங்கதான் எம்விபிக்கும் (சீசனோட மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது) போடுறாங்க, அதுவும் ப்ளேஆஃப் தொடங்குறதுக்கு முன்னாடியே பேலட் போயாச்சு. அப்புறம் பிப்ரவரி 6ல ரிசல்ட் சொல்ற வரைக்கும் எதுக்கு சஸ்பென்ஸ்? லமார் எறிஞ்சது 4,172 யார்டு, 41 டச்டவுன், எதிரணி பிடிச்ச இன்டர்செப்ஷன் வெறும் 4, இது பத்தாதுன்னு ஓடி 915 யார்டு. ஒரே சீசன்ல 4,000 எறிஞ்சு 900 ஓடுன ஆளு இவருக்கு முன்னாடி என்எஃப்எல்லயே கிடையாது. டேபிள் உடைக்கிற பில்ஸ் ரசிகர் கோஷ்டி இப்பவே வந்து புலம்பிட்டு போயிடலாம்.

டேபிள் உடைப்பான் | ஜனவரி 10
வந்திட்டன். பொசிஷன்ல ஆர் நல்லா விளையாடினது எண்டுறது ஒரு கேள்வி, ஆர் இல்லாட்டி டீம் படுத்திருக்கும் எண்டுறது வேற கேள்வி, அதாலதான் ரெண்டுக்கும் தனித்தனியா ஓட்டுப் போட வைக்கினம். போன ஏப்ரல்ல ரிசீவர் (எறியிற பந்தைப் பிடிக்கிறவர்) ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்குக் குடுத்தாச்சு, கேப் டேவிஸ் ஜாக்சன்வில் போயிட்டார், பஃபலோ இந்த முறை முடிஞ்சுது எண்டு எல்லாரும் எழுதினவை. எங்கட டீம்ல ஆகக்கூட யார்டு எடுத்த ரிசீவர் கலீல் ஷகீர், அவருக்கே 821தான். அந்த வெறுங்குசினியில நிண்டு சமைச்சு 13-4 (13 வெற்றி, 4 தோல்வி) எடுத்துக் குடுத்திருக்கிறார் ஆலன். உங்கட ஆளுக்குப் பக்கத்தில 1,921 யார்டு ஓடின டெரிக் ஹென்றி நிக்கிறார். ஹென்றி நிண்டும் 12-5.

அண்டங்காக்கா | ஜனவரி 10
ஹென்றி 16 ரஷிங் டச்டவுன், உங்க ஜேம்ஸ் குக்கும் 16 ரஷிங் டச்டவுன். குக்கு பேரு மட்டும் உங்க கதையில வரவே வராதே? ஆலன் சீசன் முழுக்க சாக் ஆனது (எறியுறதுக்கு முன்னாடியே பிடிபட்டது) 14 தடவை, அப்படி ஒரு ஓ-லைன் (காவல் வரிசை) முன்னாடி சுவர் மாதிரி நிக்குது, அதையும் சொல்ல மாட்டீங்க. பாவம் ஆலன், தனியா விளையாடுறாரு.

டேபிள் உடைப்பான் | ஜனவரி 10
14 சாக்குக்கு லைன் மட்டுமே காரணம் எண்டு மேட்ச் பாக்கிற ஆள் சொல்லமாட்டான். பிடிக்க வாறவனை உதறிப்போட்டு ஓடுறது ஆர்? டீமே சீசன் முழுக்க 8 டர்ன்ஓவர்தான் விட்டது. அவசரப்பட்டு பந்தைக் குடுத்திடுவான் எண்டு அஞ்சு வருசமா ஆலனைத் திட்டின ஆக்கள் இப்ப அந்தப் பக்கமே வருகினமில்லை.

புதுசா பாக்குறேன் | ஜனவரி 11
அண்ணா சின்ன சந்தேகம், ஓட்டு எப்படி எண்ணுறாங்க? ஆளுக்கு ஒரு பேரா?

நடுவர் விசில் | ஜனவரி 11
முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு தம்பி. 2022ல இருந்து ஒவ்வொருத்தரும் அஞ்சு பேரை வரிசையா எழுதணும், முதலிடத்துக்கு 10, அப்புறம் 5, 3, 2, 1ன்னு பாயின்ட். 1, 2ல இவங்க ரெண்டு பேருதான் மாறி மாறி வருவாங்க, அதனால முதல் ஓட்டு யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் கிடைக்கும்.

சின்சி சீனு | ஜனவரி 11
4,918 யார்டு, 43 டச்டவுன். ரெண்டுமே லீக்ல முதலிடம். பேரு ஜோ பர்ரோ. எங்க டிஃபன்ஸ் எதிர்ல யாரு வந்தாலும் கதவைத் திறந்து விட்டதுக்கு அவரு என்ன செய்வாரு? சரி சரி, நீங்க சண்டையைப் பாருங்க.

அண்டங்காக்கா | ஜனவரி 11
சீனு உங்க வலி புரியுது, ஆனா 9-8க்கு யாரும் எம்விபி குடுக்க மாட்டாங்க. டேபிள் பாஸுக்கு நேரடியா ஒரு கேள்வி. செப்டம்பர் 29, பால்டிமோர். ரெண்டு பேரும் ஒரே கிரவுண்டு. ஸ்கோர் என்ன?

டேபிள் உடைப்பான் | ஜனவரி 11
35-10. மறைக்கேல்லையே. ஆனா அதில லமார் எறிஞ்சது 156 யார்டு. உங்கட ஆஃபென்ஸுக்கு முதல் பந்து கிடைச்ச உடனேயே ஹென்றி 87 யார்டு ஓடி டச்டவுன், அண்டைக்கு அவருக்கு மட்டும் 199. அந்த மேட்ச் ஹென்றிக்கு எம்விபி குடுக்கிறதுக்குச் சாட்சி, லமாருக்கு இல்லை. இப்ப நான் ஒரு திகதி சொல்லுறன், நவம்பர் 17. ஒரே ஞாயிறு. 9-0 எண்டு வந்த கன்சாஸ் சிட்டியை நாங்கள் 30-21 அடிக்கிறம், நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு), 2 யார்டு வேணும், ஆலன் பந்தைத் தானே தூக்கிக்கொண்டு 26 யார்டு ஓடி எண்ட் ஸோனுக்குள்ள. அதே நாள் பிட்ஸ்பர்க்ல உங்கட ஆக்கள் 18-16 தோல்வி. ஸ்டீலர்ஸ் ஒரு டச்டவுன்கூட போடேல்லை, ஆறு ஃபீல்ட் கோல். அப்பிடியும் தோத்தவை.

அண்டங்காக்கா | ஜனவரி 11
ஒரு மேட்ச் மோசம்னு சொல்றதுன்னா ஹூஸ்டன்ல ஆலன் 30 எறிஞ்சு 9தான் சேர்ந்துச்சு, அந்த மேட்ச்சும் தோல்வி. சொல்லட்டா இன்னும்? உங்க டிவிஷன்ல பேட்ரியாட்ஸ் 4-13, ஜெட்ஸ் 5-12, வருசத்துக்கு நாலு மேட்ச் அவங்களோட. எங்க டிவிஷன்ல ஸ்டீலர்ஸ், பெங்கால்ஸ் ரெண்டுமே பாதிக்கு மேல ஜெயிச்ச டீம்.

டேபிள் உடைப்பான் | ஜனவரி 11
கிளீவ்லாண்டும் உங்கட டிவிஷன்தானே ஐயா. அவையளிட்டயும் தோத்தனீங்கள். வீட்டில வச்சு ரெய்டர்ஸிட்டயும்.

நடுவர் விசில் | ஜனவரி 12
ரெண்டு பேரும் வசதியா மறந்த விஷயத்தை நான் சொல்றேன். போன சீசன் 2023. ஆலன் 29 எறிஞ்சு 15 ஓடி 44 டச்டவுன், லமார் 24 எறிஞ்சு 5 ஓடி 29தான். அப்ப எம்விபி யாருக்கு? லமாருக்கு 50ல 49 முதல் ஓட்டு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு ஆலனுக்கு. அன்னிக்கு காக்கா கோஷ்டி என்ன சொன்னீங்க? ‘நம்பரைப் பாக்காதீங்க, டீமைப் பாருங்க, நாங்க 13-4, ஏஎஃப்சில (லீக்கோட ஒரு பாதி) முதல் சீட்.’ டேபிள் கோஷ்டி என்ன சொன்னீங்க? ‘44 டச்டவுன், நம்பர் பொய் சொல்லாது.’ இந்த வருசம் அப்படியே சட்டையை மாத்தி போட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க, பழைய திரியைத் தோண்டுனா ரெண்டு பேரு மானமும் போயிடும்.

டேபிள் உடைப்பான் | ஜனவரி 12
ஓம், மாத்தித்தான் கதைக்கிறன். போன வருசம் ‘டீம் வெண்டா காணும்’ எண்ட சட்டத்தைப் போட்டது இந்த 50 பேர். அதை வச்சு எங்களைத் தோற்கடிச்சிட்டு, இந்த வருசம் நாங்கள் கூட வெண்ட உடனே ‘இல்லை இல்லை, நம்பர்தான்’ எண்டா எப்பிடி? ஒரு சட்டத்தை வச்சால் ரெண்டு வருசமாவது வச்சிருங்கோ.

அண்டங்காக்கா | ஜனவரி 12
போன வருசம் ஆலனுக்கு 18 இன்டர்செப்ஷனும் இருந்துச்சு, அதையும் சேத்து சொல்லுங்க விசில் சார். 18 இன்டர்செப்ஷனோட எம்விபி வாங்குறது கஷ்டம். இந்த வருசம் லமாருக்கு 4. அதுவும் இல்லாம இடைவெளி ஒரே ஒரு வெற்றிதான், 13-4க்கும் 12-5க்கும் நடுவுல என்ன பெரிய மலை இருக்கு? என் பயமெல்லாம் ஒண்ணுதான். லமார் கிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு, 2019ல 50க்கு 50 வாங்குன ஆளு. ஆலன் கிட்ட ஒண்ணும் இல்ல. ‘சரி இந்த தடவை அந்தப் பையனுக்கு குடுப்போம்’னு பாதி பேரு கையி தானா போகும் பாருங்க. இதை எவனும் கட்டுரையில எழுத மாட்டான், ஆனா மனசுல ஓடும். கன்சாஸ் சிட்டி மஹோம்ஸ் ஒவ்வொரு வருசமும் ஏன் ஜெயிக்கிறதில்லன்னு நெனைக்கிறீங்க?

டேபிள் உடைப்பான் | ஜனவரி 12
பாவம் பாத்து குடுக்கிற சாமானில்லை அது. டிசம்பர்ல என்ன நடந்தது? 1ஆம் திகதி ஆர்ச்சர்ட் பார்க்ல பனி கொட்டுது, நைனர்ஸோட மேட்ச், ஆலன் அமாரி கூப்பருக்கு எறியிறார், கூப்பரைப் பிடிக்கினம், அவர் விழமுதல் பந்தைத் திருப்பி ஆலனிட்டயே குடுக்கிறார், ஆலன் மூலையில பாய்ஞ்சு டச்டவுன். எறிஞ்சதும் அவர் கணக்கு, பிடிச்சதும் அவர் கணக்கு. பிறகு ஓடியும் ஒண்டு. ஒரே மேட்ச்ல எறிஞ்சு, ஓடி, பிடிச்சு மூண்டும் எடுத்த முதல் குவார்ட்டர்பேக். அடுத்த கிழமை ராம்ஸோட மூண்டு எறிஞ்சு மூண்டு ஓடினார், 44-42 தோத்தம், 44 விட்டது டிஃபன்ஸ். அதுக்கடுத்த கிழமை டெட்ராய்ட்ல, அந்த 15-2 லயன்ஸை, 48-42. ஓட்டுப் போடுறவன் ஜனவரி மாசம் எக்ஸல் ஷீட்டைத் திறந்தாலும் அவன்ர கண்ணில நிக்கிறது அந்த மூண்டு கிழமைதான்.

புதுசா பாக்குறேன் | ஜனவரி 13
அண்ணா நீங்க பஃபலோவா?

டேபிள் உடைப்பான் | ஜனவரி 13
ஸ்கார்பரோ தம்பி. 2008ல இருந்து 2013 வரைக்கும் பில்ஸ் வருசா வருசம் டொராண்டோக்கு வந்து விளையாடினது, அப்ப பிடிச்ச வருத்தம் இது, இன்னும் மாறேல்லை. இப்ப நாங்கள்தான் எல்லை தாண்டிப் போறம்.

சின்சி சீனு | ஜனவரி 20
ப்ளேஆஃப்ல பில்ஸ் 27, ரேவன்ஸ் 25. லமார் ஒரு இன்டர்செப்ஷன், ஒரு ஃபம்பிள் (பந்தைத் தவறவிட்டது). காக்கா எங்க?

அண்டங்காக்கா | ஜனவரி 20
இங்கதான் இருக்கேன். ஒண்ணரை நிமிசம் பாக்கி, டச்டவுன் எறிஞ்சு 27-25 ஆக்கிட்டாரு, சமன் பண்ண வேண்டிய ரெண்டு பாயின்டுக்கு பந்தை ஆண்ட்ரூஸ் கையில குடுத்தாரு, வழுக்கிப் போச்சு. இதுக்கு மேல இதைப் பத்தி பேச விரும்பல. ஆனா ஒண்ணு, ஓட்டு ப்ளேஆஃபுக்கு முன்னாடியே போட்டு முடிச்சாச்சு. இந்த மேட்ச்சை வச்சு எவனும் எம்விபி பேசக்கூடாது.

டேபிள் உடைப்பான் | ஜனவரி 20
பேசமாட்டன். சிரிக்கமட்டும் செய்வன். அடுத்தது கன்சாஸ் சிட்டி.

நடுவர் விசில் | பிப்ரவரி 7
ஆலன். முதல் ஓட்டு 27-23, பாயின்ட் 383-362. மூணாவது சாக்குவான் பார்க்லி, 2,005 யார்டு ஓடியும். நாலாவது பர்ரோ. பில்ஸுக்கு 1991ல தர்மன் தாமஸ் வாங்குனதுக்கு அப்புறம் இதுதான்.

சின்சி சீனு | பிப்ரவரி 7
நாலாவது. சந்தோசம்.

அண்டங்காக்கா | பிப்ரவரி 7
கணக்கு போடுங்க மக்களே. அதே 50 பேரு. லமார்தான் லீக்ல சிறந்த குவார்ட்டர்பேக்னு 30 பேரு எழுதுனாங்க, எம்விபி முதல் இடத்துல 23 பேருதான். முதல் ஓட்டு இவங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்குமே விழல. அப்ப குறைஞ்சது ஏழு பேரு ‘இவருதான் பெஸ்ட்’னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு அடுத்த பேப்பர்ல ஆலன் பேரை எழுதிருக்காங்க. அந்த ஏழுல நாலு பேரு மாறாம இருந்திருந்தா முதல் ஓட்டுல லமார்தான் முன்னாடி. ஜனவரி 12 அன்னிக்கே சொன்னேன், கை தானா போகும்னு.

டேபிள் உடைப்பான் | பிப்ரவரி 7
ரெண்டும் வேற கேள்வி எண்டு நான் 10ஆம் திகதியே சொன்னனான். ஏழு பேருக்கு விளங்கியிருக்கு.

புதுசா பாக்குறேன் | பிப்ரவரி 7
ஆனா பில்ஸ் கன்சாஸ் சிட்டிகிட்ட 32-29 தோத்துட்டாங்களே அண்ணா, எம்விபி வாங்கி என்ன பண்றது?

டேபிள் உடைப்பான் | பிப்ரவரி 7
தம்பி, நீ ஆற்ற ஆள்?

அண்டங்காக்கா | பிப்ரவரி 7
பையன் சரியாத்தான் கேக்குறான். சரி, ஞாயித்துக்கிழமை சூப்பர் பௌல் ஃபைனல்ல யாருக்கு சப்போர்ட்டு?

டேபிள் உடைப்பான் | பிப்ரவரி 7
ஈகிள்ஸ். இதிலென்ன கேள்வி.

அண்டங்காக்கா | பிப்ரவரி 7
ஈகிள்ஸ்தான். டிசம்பர்ல எங்களையே அடிச்ச டீம், இருந்தாலும் பரவாயில்ல, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு மூணாவது வருசமும் கப்பு போகக்கூடாது. அதுக்கப்புறம் அந்த ஏழு ஓட்டைப் பத்தி மறுபடி பேசுவோம்.