மறு: மானிடவியலோடு சேர்த்துப் படிக்கும் ‘கன்சர்வேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

மனிதரையும் அவர்கள் வாழ்முறையையும் ஆராயும் மானிடவியலோடு, இயற்கையைக் காப்பதைப் பற்றிய ‘கன்சர்வேஷன்’ துறையையும் சேர்த்துப் படிக்கும் பட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘மானிடவியலும் பாதுகாப்பியலும்’ என்றே பட்டத்துக்குப் பெயர் வைக்கலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும். பாதுகாப்பு அமைச்சர், பாதுகாப்புப் படை, பாதுகாப்புச் சோதனை என்று பழகிய காதுக்கு ‘பாதுகாப்பியல்’ இராணுவப் படிப்பாகத்தான் கேட்கும்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதே, இயற்கையைக் காக்க மனிதரை வெளியேற்றித்தான் ஆகவேண்டுமா என்று கேட்கத்தான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் தேசியப் பூங்கா ஆனது. ஷோஷோன், பானக், குரோ ஆகிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய நிலம் அது. 1886 முதல் 1918 வரை அந்தப் பூங்காவை நடத்தியது அமெரிக்க இராணுவம்! 1959இல் மாசாய் மேய்ப்பர்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து வெளியேற்றியதும் இதே எண்ணத்தில்தான். இவற்றைப் ‘பாதுகாப்பு’ என்றால் சரியாகவே பொருந்தும். இந்த அணுகுமுறையைக் கேள்வி கேட்கிற படிப்புக்கும் அதே சொல்லா?

இராஜஸ்தானில் நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன பரத்பூர் கேவலாதேவ் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் அங்கே மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்தார்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்புறம் நடந்ததுதான் பெரிய பாடம். எருமைகள் போனதும் பஸ்பாலம் என்கிற புல் நீர்ப்பரப்பில் அடர்ந்து படர்ந்தது, நீர்ப்பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர் சுருங்கியது. எருமை மேய்வது அந்தச் சதுப்பு நிலத்துக்குத் தேவை என்ற முடிவுக்குத்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வும் வந்தது. புல்லையும் பறவையையும் எண்ணத் தெரிந்த ஒருவர் வேண்டும். எந்த மாதம், எந்தப் பக்கம், ஏன் மேய்த்தீர்கள் என்று மேய்ப்பரிடம் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவரும் வேண்டும். அந்த இருவரும் ஒரே மாணவராக இருக்கட்டும் என்பதுதான் இந்தப் படிப்பு. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், இயற்கையியலாளரும் எழுத்தாளருமான ஜெரால்ட் டரலின் பெயரில் 1989இல் தொடங்கிய ‘கன்சர்வேஷன்’ கல்வி நிறுவனம், மானிடவியலோடு ஒரே புலத்தில் இயங்கியதும் இந்தப் பொருத்தத்தால்தான்.

> ‘பல்லுயிர் ஓம்புதல்’ என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். ஓம்பியல் போதாதா?

எனக்கும் மிகப் பிடித்த சொல் அது. ஆனால் உயிரியலில் ‘ஓம்புயிரி’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிர் அது. பக்கத்து வகுப்பிலேயே ஓம்புயிரி இருக்கும்போது ஓம்பியல் மாணவரைக் குழப்பும். ‘காப்பு’ என்பதோ காப்புக்காடு என்று வனத்துறைச் சொல்லாகவே வழங்குகிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை பேணல். துறைக்குப் பேணியல், ஆய்வாளருக்குப் பேணியலாளர். உடலைப் பேணுகிறோம், பெற்றோரைப் பேணுகிறோம், மொழியைப் பேணுகிறோம். எதையும் பூட்டி வைத்துப் பேணுவதில்லை, அதோடு புழங்கிக்கொண்டேதான் பேணுகிறோம். தேன் எடுக்கிறவர் அடையில் கொஞ்சம் விட்டுவிட்டு இறங்குகிறாரே, அவர் செய்வதைப் பாதுகாப்பு என்றால் ஒட்டவில்லை, பேணல் என்றால் ஒட்டுகிறது. ஆளை அகற்றி வேலி போடும் முறைக்கு ‘கோட்டைக் காப்பு’ என்று தனிப்பெயரும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரிலேயே தெரிந்துவிடும்.

> ‘பேண்தகு வளர்ச்சி’ என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அதோடு மோதாதா?

இது நியாயமான தடை. இலங்கையில் ‘பேண்தகு அபிவிருத்தி’ பாடநூல்கள் வரை வழங்குகிறது. ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கருத்துகள்தாமே? ‘தகு’ சேர்ந்தால் நீடித்து நிற்கக்கூடியது, சேராவிட்டால் நாம் செய்யும் வேலை. என் காதுக்கு இது மோதலாகப் படவில்லை. இலங்கை நண்பர்கள் அங்கே எப்படிக் கேட்கிறது என்று சொன்னால் நல்லது.

மானிடவியலா மானுடவியலா என்ற பழைய வழக்கை இந்த இழையில் இழுக்க வேண்டாம். வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதைக் கீழே உள்ள வாக்கியத்தில் பொருத்திப் படித்துவிட்டு எழுதுங்கள்:

“மேய்ப்பர்களை வெளியேற்றாமல் சதுப்பு நிலத்தைப் பேணும் திட்டத்தைப் பேணியல் மாணவர்கள் அந்த ஊராரோடு சேர்ந்து வகுத்தார்கள்.”

அன்புடன்