11 மணி நேரமா, 14 மணி நேரமா? புதிய லாரி ஓட்டுநரின் ஐயம்

கேள்வி: அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். 11 மணி நேரம் ஓட்டலாம் என்கிறார்கள். 14 மணி நேர வரம்பும் உண்டு என்கிறார்கள். சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரம் எந்தக் கணக்கில் சேரும்?

பதில் 1: தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தபின் வேலையைத் தொடங்கிய கணமே 14 மணி நேரக் கணக்கும் தொடங்கிவிடும், காத்திருந்தாலும் சாப்பிட்டாலும் அது பொதுவாக நிற்பதில்லை. காலை 6 மணிக்கு வண்டியைச் சோதிக்கத் தொடங்கி, கிடங்கில் நான்கு மணி நேரம் கழிந்தால், இரவு 8 மணிக்குப் பின் ஓட்ட முடியாது என்பதால், 11 மணி நேரம் ஏட்டில்தான் மிஞ்சும். மொத்தம் 8 மணி நேரம் ஓட்டிய பிறகு, 30 நிமிட இடைவேளை இல்லாமல் மேற்கொண்டு ஓட்டவும் கூடாது.

பதில் 2: மேலே சொன்னது சரி. படுக்கை வசதியுள்ள வண்டியானால், ஓய்வைப் படுக்கையில் 7 மணி நேரம், தனியே 3 மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். அப்போது அவ்விரு ஓய்வும் 14 மணி நேரத்தில் சேராது. ஆனால் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பதில் 3: திட்டமிடும்போது வேக வரம்பை வைத்துத் தூரத்தைக் கணக்கிடாதீர்கள், நெரிசலும் எரிபொருள் நிரப்புவதும் சராசரியைக் குறைத்துவிடும். மாலையில் வாகன நிறுத்துமிடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், நேரம் தீர ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிற்கத்தக்க இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருங்கள்.