உபுண்டு 22.04: நோட் 22 (நோட்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற மென்பொருள்) போட்டும் புது டெர்மினல்ல 12.22.9 தான் காட்டுது, பழசை எப்படி முழுசா எடுக்கிறது?

பாலக்கோடு_பயிற்சி:
பயிற்சி மையத்துல ஆறு மெஷின். அஞ்சுல உபுண்டு 22.04, ஒண்ணுல 18.04. முதல்ல ஆப்ட் (உபுண்டுவோட மென்பொருள் நிறுவி) வழியா நோட் போட்டிருக்கு. வீட் 5 (வெப் புராஜெக்ட் கட்டுற கருவி) புராஜெக்ட் ஓட்டினா சின்டாக்ஸ் எரர். அப்புறம் என்விஎம் (நோட் பதிப்புகளை மாத்தித் தர்ற கருவி) போட்டு 22 இறக்கினோம். அதே டெர்மினல்ல 22 வருது, புதுசா திறந்தா 12. சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டுற கமாண்ட்) சேர்த்தாலும் 12. நெட் மொபைல் ஹாட்ஸ்பாட் தான், ஆறுக்கும் தனித்தனியா இறக்க முடியாது. என்ன வழிங்க?

ஓசூர்_டெர்மினல்:
உபுண்டு 22.04-ஓட ஆப்ட் தர்றதே 12.22.9 தாங்க. வீட் 5-க்கு குறைஞ்சது 18 வேணும்.

எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி "டைப் -ஏ நோட்" அடிச்சுப் பாருங்க. யுஎஸ்ஆர் பின் பாதை (ஆப்ட் போட்ட நோட்) மட்டும் வந்தா, என்விஎம் லோடே ஆகலை, இல்லைன்னா அதோட டீஃபால்ட் "சிஸ்டம்"னு இருக்குன்னு அர்த்தம். பேஷ்ஆர்சி ஃபைல் (டெர்மினல் திறக்கும்போது ஓடுறது) கடைசியில என்விஎம் வரிகள் இருக்கணும். இன்ஸ்டால் ஸ்கிரிப்டை சூடோவோட ஓட்டியிருந்தா அது ரூட் (அட்மின் யூசர்) ஹோம்ல போய் உட்கார்ந்திருக்கும், உங்க யூசருக்குத் தெரியாது. என்விஎம் லோடாகியும் 12 ஓடினா, "என்விஎம் அலையஸ் டீஃபால்ட் 22" குடுங்க.

சூடோ விஷயம் வேற. அது தனக்குன்னு வச்சிருக்கிற பாதைகள்லதான் தேடும், உங்க ஹோம் ஃபோல்டரைப் பார்க்காது. என்விஎம் வந்த பிறகு என்பிஎம்-க்கு (நோட்டோட பேக்கேஜ் நிறுவி) சூடோவே தேவையில்லை, அந்தப் பழக்கத்தை விட்டுடுங்க.

பழசை எடுக்க: "சூடோ ஆப்ட் பர்ஜ் நோட்ஜேஎஸ் என்பிஎம்", பிறகு "சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்". ஆப்ட்ல என்பிஎம் போட்டா கூடவே நூத்துக்கணக்கான குட்டி பேக்கேஜ் வந்திருக்கும், ரெண்டாவது கமாண்ட் அதைத் துடைக்கும். ஒய் அடிக்கிறதுக்கு முன்னாடி லிஸ்ட்டைப் படிச்சிடுங்க. சூடோ போட்டு குளோபலா நிறுவினதெல்லாம் யுஎஸ்ஆர் லோக்கல் லிப் நோட்_மாட்யூல்ஸ்ல கிடக்கும். ஆப்ட் அதைத் தொடாது, கையால எடுக்கணும், யுஎஸ்ஆர் லோக்கல் பின்ல இருக்கிற அதோட லிங்க்கையும் சேர்த்து. அப்புறமும் "நோ சச் ஃபைல்" வந்தா பயப்படாதீங்க, பேஷ் (டெர்மினல்ல கமாண்டை ஓட்டுறது) பழைய பாதையை ஞாபகம் வச்சிருக்கு. "ஹேஷ் -ஆர்" போதும்.

தென்பெண்ணை:
மேலே சொன்னதோட ஒண்ணு. ஹோம்ல என்பிஎம்ஆர்சி ஃபைல்ல "பிரிஃபிக்ஸ்" வரி இருந்தா என்விஎம் முரண்டு பிடிக்கும். அந்த வரியை நீக்கிடுங்க.

நெட் பிரச்சினைக்கு: ஒரு மெஷின்ல சரியா செட் பண்ணிட்டு என்விஎம் ஃபோல்டரை டார் ஃபைலா கட்டி பென் டிரைவ்ல கொண்டு போங்க. ஃபோல்டரா அப்படியே காப்பி பண்ணாதீங்க. என்பிஎம் கமாண்டே ஒரு சிம்லிங்க் (வேற ஃபைலைக் காட்டுற குறுக்குவழி) தான், எக்ஸ்ஃபாட் பென் டிரைவ்ல சிம்லிங்க் நிக்காது. மத்த மெஷின்ல ஹோம்ல பிரிச்சு, பேஷ்ஆர்சி வரிகளை ஒட்டுங்க. புராஜெக்ட் பேக்கேஜுக்கு ஹோம்ல இருக்கிற என்பிஎம் கேஷ் ஃபோல்டரையும் அதே மாதிரி எடுத்துட்டுப் போய் "என்பிஎம் சிஐ --பிரிஃபர்-ஆஃப்லைன்" ஓட்டினா டேட்டா ரொம்ப மிச்சம்.

அந்த 18.04 மெஷின்ல இது நடக்காது. நோட் 18-லிருந்து ஜிலிப்சி (சிஸ்டத்தோட அடிப்படை சி லைப்ரரி) 2.28 கேட்கும், அதுல இருக்கிறது 2.27. ஜிலிப்சியை மட்டும் மாத்தப் போனா சிஸ்டமே எழுந்திருக்காம போகலாம். உபுண்டுவோட புதிய பதிப்பையே போடுங்க.

பாலக்கோடு_பயிற்சி:
யுஎஸ்ஆர் பின் பாதை மட்டும் தான் வந்துச்சு, டீஃபால்ட் "சிஸ்டம்"னு இருந்தது. மாத்தினதும் சரியாயிடுச்சு, நன்றிங்க. இனி அப்டேட் எப்படி?

ஓசூர்_டெர்மினல்:
"என்விஎம் இன்ஸ்டால் 22 --ரீஇன்ஸ்டால்-பேக்கேஜஸ்-ஃப்ரம்=கரண்ட்". குளோபல் பேக்கேஜும் கூடவே வந்துடும். பழைய பதிப்பு தானா போகாது, "என்விஎம் எல்எஸ்" பார்த்து "என்விஎம் அன்இன்ஸ்டால்" போடணும். ஓடிட்டிருக்கிற பதிப்பை அது நீக்க விடாது. 22-க்கு 2027 ஏப்ரல் வரைக்கும் ஆதரவு இருக்கு. எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளையே பிடிச்சுக்குங்க.