சுவரில் நகரும் மணல் கூடு: கம்பளி விரிப்பை அரிக்குமா?

கீழக்கரை_உம்மா:
எங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. ஐப்பசி மழை பிடிச்சதிலிருந்து கிணத்தடிப் பக்கத்து அறைச் சுவரில் பூசணி விதை மாதிரி தட்டையா, சாம்பல் நிறத்தில் கூடு கூடா ஒட்டியிருக்கு. தொட்டா மணல் நறநறன்னு படுது. நேத்து ராத்திரி லைட்டைப் போட்டா, ஒண்ணு மெதுவா நகருது! வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கம்பளித் தொழுகை விரிப்பு அந்த அறை அலமாரியில்தான் இருக்கு. பிள்ளை வேற தரையில் தவழுது. கடிக்குமா? மருந்து அடிக்கலாமா?

பாம்பன்காரன்:
கடிக்காதுக்கா. எங்க குளியலறையிலும் மழைக்காலம் முழுக்க இருக்கும்.

மண்டபம்_டீச்சர்:
அம்மா, அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. ஃபெரியோசியா பேரினம், துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் டினெய்டே குடும்பம்தான். தானே பட்டு நூல் சுரந்து உறை பின்னி, கிடைக்கிற மணலையும் தூசியையும் மேலே ஒட்டிக்கொள்ளும். நம்ம கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்! உறைக்கு ரெண்டு பக்கமும் வாசல். நடுவில் அகலமா இருப்பதால் புழு உள்ளேயே திரும்பி, எந்த முனையிலும் தலை நீட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போதெல்லாம் எனக்கே ஆசையா இருக்கும். முழுசா வளர்ந்தாலும் கூடு 8 முதல் 14 மில்லிமீட்டர்தான்.

அதுக்குப் பிடித்த தீனி பழைய ஒட்டடை. உதிர்ந்த முடி, கம்பளியும் தின்னும், பருத்தியைத் தொடாது. ஆகவே விரிப்பு அசல் கம்பளின்னா உடனே எடுத்து உதறி, நல்ல வெயிலில் காயப்போட்டு, இறுக்கமா மூடும் பெட்டியில் வையுங்க. பாலியஸ்டர்னா கவலையே வேண்டாம்.

மருந்து அடிக்காதீங்க. புழு உறைக்குள்ள பதுங்கியிருக்கும், மருந்து பிள்ளை தவழும் தரையில்தான் படியும். கூட்டைத் துடைப்பத்தால் தட்டி முறத்தில் அள்ளிப் போட்டு, ஒட்டடை அடிச்சாப் போதும். கதவு இடுக்கு, கட்டிலடி, பீரோவின் பின்பக்கம் எல்லாம் பாருங்க. ஈரம் இருந்தாத்தான் இது பெருகும், மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்க.

கீழக்கரை_உம்மா:
அசல் கம்பளிதான் டீச்சர். ஓரத்தில் ரெண்டு இடத்தில் மயிர் உதிர்ந்த மாதிரி இருக்கு. வெளியே எடுத்துட்டேன். சுவரில் இருக்கிற எல்லாத்திலும் புழு இருக்குமா?

தெற்குத்தெரு_தங்கச்சி:
லாத்தா, எங்க வீட்டில் பாதி கூடு காலிதான். ஆனாலும் எல்லாத்தையும் அடிச்சிடுங்க, வாப்பா கொண்டுவந்த சாமான் திரும்பக் கிடைக்குமா?

மண்டபம்_டீச்சர்:
புழுப் பருவம் சுமார் 50 நாள். அப்புறம் அதே உறைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, சாம்பல் நிற அந்துப்பூச்சியா வெளியே வரும். ஒரு முனையில் காய்ந்த தோல் துருத்திக்கொண்டிருந்தா, பூச்சி போயாச்சுன்னு அர்த்தம். அப்படிப்பட்ட கூடு நிறைய இருந்தா விரிப்பின் அடிப்பக்கத்தை இன்னொரு தடவை பாருங்க, முட்டை இட்டிருக்கலாம்.