ஷட்டவுன் வந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தலாமா?

வரிகட்டி:
பட்ஜெட்டை நிறைவேற்றாமல் அமெரிக்க அரசையே ஷட்டவுன் என்று முடக்கி வைப்பவர்களுக்கு வருடம் 1,74,000 டாலர் தேதி தவறாமல் வருகிறது. 2018 டிசம்பரில் ஆரம்பித்து 35 நாள் நடந்த ஷட்டவுனில் சுமார் 8 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது, அதில் பாதிப் பேருக்கு மேல் சம்பளமே இல்லாமல் வேலைக்கும் போனார்கள். முதலில் நிறுத்த வேண்டியது யார் சம்பளத்தை?

சட்டப்புள்ளி:
கோபம் சரி, ஆனால் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 27வது திருத்தம் இருக்கிறதே. உறுப்பினர் சம்பளத்தை மாற்றிச் சட்டம் போட்டால் அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகுதான் அமலாகும். தங்களுக்குத் தாங்களே சம்பளத்தை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று 1789இல் முன்மொழிந்தது, 1992இல்தான் ஏற்கப்பட்டது, இப்போது சம்பள வெட்டையும் தடுக்கிறது.

வரிகட்டி:
வெட்ட வேண்டாம் ஐயா, பிடித்து வைக்கலாம் அல்லவா? 2013இல் அப்படித்தான் சட்டம் போட்டார்கள், ஏப்ரல் 15க்குள் பட்ஜெட் தீர்மானத்தை நிறைவேற்றாத சபையின் சம்பளம் தனிக் கணக்கில் நிற்கும் என்று. இரண்டு சபையும் மார்ச்சிலேயே முடித்துவிட்டன!

சட்டப்புள்ளி:
முடித்தார்கள், ஆளுக்கொரு பட்ஜெட்டாக. அதே வருடம் அக்டோபரில் 16 நாள் ஷட்டவுன் வந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? இன்னொன்று, சொத்து இருக்கிற உறுப்பினருக்கு இரண்டு மாதச் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை, சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கட்டுகிறவர்தான் முதலில் இறங்கி வருவார். அவர் ஓட்டைக் கடன் தவணை தீர்மானிக்க வேண்டுமா?

வரிகட்டி:
ஊழியருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. அவர் இறங்கி வர வழியே இல்லை, அவர் கையில் ஓட்டும் இல்லை.

ஓரத்துஆள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் பேசுகிற ஊழியர்களுக்கு 2019 சட்டப்படி முடக்கம் முடிந்ததும் பின்சம்பளம் உண்டு, கட்டாய விடுப்பில் வீட்டில் இருந்த நாளுக்கும் சேர்த்து. அதனால் அரசுக்கு மிச்சம் என்று ஒன்றும் இல்லை, செய்யாத வேலைக்குத் தாமதமாகக் கூலி கொடுப்பதுதான் நடக்கிறது. என் மனைவி ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த நிறுவனம் மூலம் வேலை பார்த்தாள், அதே மாடி, பக்கத்து நாற்காலி, அவளுக்கு அந்த 35 நாள் போனது போனதுதான். உறுப்பினர் சம்பளம் நின்றிருந்தாலும் அது திரும்பி வந்திருக்காது.

வரிகட்டி:
அதற்கும்தான் சொல்கிறேன், தன் பையில் கை வைத்தால் முடக்கத்தையே இத்தனை நாள் இழுக்க மாட்டார்கள்.

சட்டப்புள்ளி:
2019 ஜனவரி 25 அன்று விமானக் கட்டுப்பாட்டாளர்கள் கொஞ்சம் பேர் வேலைக்கு வராததால் நியூயார்க் லாகார்டியாவுக்கு வர வேண்டிய விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கே முடக்கம் முடிந்தது. யார் பையிலும் கை வைக்கவில்லை.

ஓரத்துஆள்:
அதாவது விமானம் நிற்கிற வரை நாங்கள் காத்திருக்க வேண்டும், அப்படித்தானே?